கோஷாவும் கூடையும்

“கோஷான்றது யாரு சித்தி, டாக்டரா?”

காலை ஆறு மணி. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில், அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையின் வாசலில் நிற்கிறோம். கேட்டவள் என் அக்கா மகள். பதினெட்டு வயது, ராணி மேரி கல்லூரியில் முதல் வருடம். வியாசர்பாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். போர்டில் கஸ்தூர்பா என்று எழுதியிருந்தாலும் திருவல்லிக்கேணியில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. கோஷா ஆஸ்பத்திரி. ஆட்டோக்காரரிடம் சொல்வதும் அதுதான், பிள்ளை பெற்ற வீட்டில் சொல்வதும் அதுதான். என் அம்மா இங்கேதான் பிறந்தாள். நானும்.

கோஷா என்பது ஆள் இல்லை. பாரசீகத்திலிருந்து உருது வழியாகச் சென்னைக்கு வந்த சொல். மூலை என்று பொருள். மூலையில் இருப்பவள், வெளி ஆண்களின் கண்ணில் படாதவள், கோஷாப் பெண். இந்த ஆஸ்பத்திரியின் பெயர் ஒருகாலத்தில் ‘ராயல் விக்டோரியா காஸ்ட் அண்டு கோஷா ஆஸ்பத்திரி’. சாதி இந்துப் பெண்களுக்கும் திரைக்குள் வாழும் முஸ்லிம் பெண்களுக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். பிரசவத்தில் சிக்கல் என்றால் ஆண் டாக்டரைக் கூப்பிடுவதைவிடச் சாவே மேல் என்று இருந்த வீடுகள் அன்றைய சென்னையில் உண்டு. அதைப் பார்த்துப் பொறுக்காதவர் மேரி ஷார்லீப். பாரிஸ்டர் கணவரோடு இங்கே வந்தவர். 1875-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்களில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார். பிறகு லண்டனில் பட்டம் வாங்கித் திரும்பி வந்து, 1885-ல் பெண்களுக்கென்றே இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது திருவல்லிக்கேணிக்கு வந்துசேர்ந்தது.

இப்போது வாசலில் ஆண்கள்தான் நிற்கிறார்கள். கையில் பிளாஸ்க், தோளில் துண்டு, கண்ணில் தூக்கமில்லை. ஒருவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் ஒன்றாகத் திரும்புகிறார்கள். டியூட்டி மாறும் நேரம். ஸ்டெதஸ்கோப்பைப் பையில் திணித்தபடி வெளியே வந்த இளம் டாக்டர்கள் எல்லாரும் பெண்கள். ஸ்கூட்டியை உதைத்து, காத்திருக்கும் ஆண்களைத் தாண்டிப் போனார்கள்.

பெண்களின் வரலாற்றைத் தேடிச் சென்னையை நடந்து பார்க்க வேண்டும் என்றால் நான் எல்லாரையும் இங்கேதான் முதலில் கூட்டி வருவேன். இந்த ஊரில் பெண்கள் வெளியே வந்த கதை, பெண்களுக்காகச் சுவர் எழுப்பியதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆஸ்பத்திரி, விதவைகள் இல்லம், பெண்கள் கல்லூரி. வீட்டுச் சுவரைத் தாண்ட விடாதவர்கள், அதேபோன்ற இன்னொரு சுவருக்குள் போக மட்டும் விட்டார்கள். அந்தச் சிறிய சம்மதத்தை வைத்துக்கொண்டு சில பெண்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதுதான் இந்தக் கடற்கரைச் சாலையின் கதை.

ஆனால் இந்தக் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘அந்தக் காலத்தில் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள்’ என்று எல்லாப் புத்தகமும் தொடங்குகிறது. என் ஆயா வந்தது.

ஆயா பூ விற்றது. வீடு திருவல்லிக்கேணி. விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்து, பாரிமுனைப் பக்கம் பூக்கடைக்கு நடந்தே போய், உதிரிப் பூ வாங்கி, நடந்தே திரும்பி, பார்த்தசாரதி கோயில் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விற்கும். அந்த இருட்டில் சாலையில் ஆயா மட்டும் இல்லை. மீன்காரம்மா, கீரைக்காரம்மா, தயிர்க்காரம்மா, தெரு கூட்டுகிற அம்மா. நகரத்தின் தெருக்களைப் பெண்கள் ஒருநாளும் விட்டுவைக்கவில்லை. மூலையில் உட்கார வைக்கப்பட்டது ஒரு சாதி, ஒரு வசதி. மற்ற பெண்களுக்குத் தெருதான் பிழைப்பு. அவர்களை யாரும் திரை போட்டு மறைக்கவில்லை. அவர்களை யாரும் ஆஸ்பத்திரியின் பெயரில் எழுதி வைக்கவும் இல்லை. கூடைக்காரியின் மகளான என் அம்மா 1948-ல் கோஷா ஆஸ்பத்திரியில் பிறந்தாள் என்பதை ஆயா சாகும்வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அந்தப் பெயர்ப் பலகையில் இருந்த ‘காஸ்ட்’ என்ற சொல் அதற்குத் தெரிந்திருந்ததுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆயா சொன்ன ஒரு வீட்டை அக்கா மகளுக்குக் காட்ட வேண்டும் என்று குளக்கரைப் பக்கம் திரும்பினோம். வீடு இல்லை. அந்த இடத்தில் மூன்று மாடி. கீழே ஆண்களுக்கான மேன்ஷன், படிக்கட்டில் காயும் லுங்கிகள். ஆயா காலத்தில் அது திண்ணை வைத்த ஓட்டு வீடு. அந்த வீட்டில் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் இருந்தாளாம். ஆயா வயதுதான், இருபதுக்குள். தெருவில் மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் வாசலுக்கு வந்து, சாமி படத்துக்கு ஒரு முழம் வாங்குவாள். வாழையிலைத் துண்டை நீட்டுவாள், ஆயா அதில் பூவைப் போடும். காசை ஆயாவின் கையில் கொடுக்க மாட்டாள். திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அவள் எதிரே வந்தால் போன காரியம் உருப்படாது என்று அந்தத் தெருவே ஒதுங்கும். அவளோ ஆயாவின் விரல் படாமல் ஒதுங்குவாள்.

“எல்லாரும் சகுனம் ஆவாதும்பாங்க,” என்று ஆயா சொல்லும். “எனுக்கு அவதான் போணி. அவ கையால போணி ஆன அன்னிக்கி கூடை காலி.”

இன்னொன்றும் சொல்லும். பூக்கூடையை இறக்கி வைக்கிறபோது அவள் தொடமாட்டாள். ஒருநாள் ஆயா நிறைமாத வயிறோடு கூடையைத் தலைக்குத் தூக்க முடியாமல் தெருவில் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அவள் இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்தாள். படியிறங்கி வந்து ஒரு கை பிடித்துத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அந்த வயிற்றுப் பிள்ளைதான் என் அம்மா. அந்தப் பெண்ணின் பெயர் ஆயாவுக்குத் தெரியாது.

இதே திருவல்லிக்கேணியில்தான் வை. மு. கோதைநாயகி இருந்தார். பள்ளிக்கூடம் போகாதவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டது. முதல் நாடகத்தைத் தன் கையால் எழுதத் தெரியாமல் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினாள். 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி, சாகும்வரை கிட்டத்தட்ட 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள். நடுவில் அந்நியத் துணி மறியல், ஜெயில். ஒதுங்கும் தெருக்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஒரு பெண் மாதா மாதம் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினாள் என்பதை அந்தச் சந்துகளில் நடக்கிறபோதுதான் மனம் உணர்கிறது. அக்கா மகள் அவர் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பாடத்தில் வரவில்லையாம்.

போன மாதம் இவளை ஜார்ஜ் டவுனுக்கும் அழைத்துப் போயிருந்தேன். அந்த நடையைச் சொல்லாமல் கடற்கரைக்குப் போக முடியாது, தெருவில் நடந்த பெண்களில் இன்னொரு கூட்டம் அங்கே வாழ்ந்தது. ராமகிருஷ்ண செட்டித் தெருவில் மொத்த வியாபாரக் கடைகள், சாக்கு மூட்டைகள், ஓரமாக நகரச் சொல்லி மணியடிக்கும் மீன்பாடி வண்டிகள். அந்தத் தெருவில்தான் வீணை தனம்மாள் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வாசிக்க உட்கார்ந்தால் ஊரின் பெரிய வித்வான்கள் வந்து மூச்சுக் காட்டாமல் கேட்பார்கள். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி. இன்றைக்குக் கச்சேரி மேடையில் பதம் பாடுகிற எந்தப் பெண்ணும் ஏதோ ஒரு வகையில் அந்த வீட்டுக்குக் கடன்பட்டவள். அதே ஜார்ஜ் டவுனில் பெங்களூர் நாகரத்தினம்மாள். முத்துப்பழனி என்ற தஞ்சாவூர்க் கவிதாயினியின் தெலுங்குக் காவியத்தை வெட்டாமல் குறைக்காமல் 1910-ல் பதிப்பித்தார். ஒரு பெண் இப்படி எழுதலாமா, இன்னொரு பெண் அதை அச்சிடலாமா என்று கூச்சல் கிளம்பி, மறு ஆண்டே அரசாங்கம் தடை போட்டது. அவர் அசரவில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சொந்தக் காசில் சமாதிக் கோயில் எழுப்பினார். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றபோது பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார்.

இவர்கள் தேவதாசி மரபில் வந்தவர்கள். கோஷா கிடையாது, விதவைக் கோலம் கிடையாது, பேரில் சொத்து உண்டு. மரியாதை மட்டும் வேறு கணக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அந்த மரபில் வந்தவரே. புதுக்கோட்டைக் கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த அந்தப் பெண், 1912-ல் சென்னையில் டாக்டராகி, 1927-ல் சட்டசபைக்குப் போனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது, எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்காதீர்கள் என்று எதிர்த்து நின்ற அணியில் நாகரத்தினம்மாள் இருந்தார். சட்டம் 1947-ல் வந்தது. சிறுமிகளைப் பொட்டுக்கட்டியது கொடுமை, அது ஒழிந்தது நல்லது, அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் பாட்டும் ஆட்டமும் வேறு வீடுகளுக்குக் குடிபோனபோது, அதைப் பல தலைமுறை காத்தவர்களின் பெயரும் பிழைப்பும் நிலைக்கவில்லை என்பதையும் அந்தத் தெருவில் நின்று சொல்லத்தான் வேண்டும். முத்துலட்சுமியும் சரி, நாகரத்தினம்மாளும் சரி என்றேன். “ரெண்டு பேரும் எப்படி சித்தி சரியா இருக்க முடியும்?” என்று இவள் பூக்கடை பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தங்கசாலைத் தெருவில் இந்து தியாலஜிகல் பள்ளி முன்னால் ஐந்து நிமிடம் நின்றோம். 1938 நவம்பர் 13 அன்று வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. நீலாம்பிகை அம்மையார் தலைமை. ஈ. வெ. ரா.வைப் பெரியார் என்று அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்தப் பெண்கள்தான். மறுநாள் இந்தப் பள்ளி முன்னால் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து, டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் முதலானோர் ஜெயிலுக்குப் போனார்கள். கைக்குழந்தைகளோடு போனவர்களும் இருந்தார்கள். பெரியார் என்ற பெயர் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. அந்தப் பெயரை வைத்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கடற்கரைக்கு வருகிறேன்.

வாலாஜா சாலை வழியாக வந்து காமராஜர் சாலையில் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. உழைப்பாளர் சிலை. 1959-ல் வைத்தது, தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது. நான்கு ஆண்கள் ஒரு பாறையை நெம்புகிறார்கள். எதிரே சாலையில் ஆரஞ்சு நிறக் கோட்டு போட்ட ஐந்து பெண்கள் குப்பையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தள்ளிப் போனால் கண்ணகி. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைத்த சிலைகளில் அவளும் அவ்வையாரும்தான் பெண்கள். 2001-ல் கண்ணகியைத் தூக்கிவிட்டார்கள், 2006-ல் திரும்ப நிறுத்தினார்கள். ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பதற்கே இத்தனை அரசியல்.

கண்ணகியைத் தாண்டுவதற்குள் அக்காவிடமிருந்து மூன்றாவது போன். “எங்க இருக்கீங்க?” பகல் எட்டரை மணி, பக்கத்தில் நான் இருக்கிறேன், ஆனாலும். இவள் லொக்கேஷன் அனுப்பினாள். அரைமணிக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்பது வீட்டு ஏற்பாடு. இவள் தம்பிக்கு அது கிடையாது.

மாநிலக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைக் காட்டி, “இங்கேதான் சுப்புலட்சுமி படிச்சாங்க” என்றேன்.

ஆர். எஸ். சுப்புலட்சுமி. 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். பதினோரு வயதில் கல்யாணம், அடுத்துச் சீக்கிரமே தாலி போயிற்று. அவர் அப்பா மற்ற அப்பாக்களைப் போல மகளைச் சமையலறை இருட்டில் விடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். 1911-ல் மகள் இந்தக் கல்லூரியிலிருந்து பி.ஏ. சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண். பட்டத்தை வாங்கிய கையோடு, எழும்பூரில் தன் வீட்டிலேயே நான்கு விதவைச் சிறுமிகளைக் கூட்டி வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். கூட இருந்து சமைத்துப் போட்டு, தலைவாரிவிட்டு, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தவர் அவருடைய அம்மாவின் தங்கை வாலாம்பாள். அவரும் விதவை. பெண்கள் எல்லாருக்கும் அவர் சித்திதான். சுப்புலட்சுமி ‘சிஸ்டர்’ ஆனார். சித்தி சித்தியாகவே இருந்துவிட்டார். வரலாற்றில் சிஸ்டர்களுக்குக் கொஞ்சமாவது இடம் உண்டு, சித்திகளுக்குத் துளியும் கிடையாது.

பெண்கள் பெருகினார்கள், வீடு போதவில்லை. எழும்பூரிலிருந்து திருவல்லிக்கேணி, அப்புறம் ஐஸ் ஹவுஸ்.

அதோ அந்த வட்டமான முகப்பு. இப்போது விவேகானந்தர் இல்லம். டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். 1842-ல் இதைக் கட்டியது ஐஸ் வைக்க. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, டியூடர் கம்பெனி இங்கே கொண்டுவந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றது. ஐஸ் வியாபாரம் படுத்த பிறகு கட்டடம் கைமாறி பிலிகிரி ஐயங்காரின் வீடாயிற்று. 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். 1917-ல் அரசாங்கம் வாங்கியது. பிறகுதான் இந்தச் சிறுமிகள் வந்தார்கள்.

விவேகானந்தர் தங்கியது ஒன்பது நாள். அந்தப் பெண்கள் வாழ்ந்தது இருபது ஆண்டுக்கு மேல். வீட்டின் பெயர் யாருடையது என்று நான் சண்டை போடவில்லை. அவர் பெரியவர். ஆனால் அந்த மாடி ஜன்னலில் நின்று கடலைப் பார்த்த பெண்களை நினைக்காமல் என்னால் அந்த வாசலைக் கடக்க முடியாது. கிழக்குப் பார்த்த ஜன்னல். எதிரே தடையில்லாத தண்ணீர். ஊரில் கிணற்றடிக்குப் போவதற்கே இருட்டும் நேரம் பார்த்த பெண் இங்கே வந்து முதல் நாள் காலை கண்விழித்தபோது என்ன நினைத்திருப்பாள்?

சுப்புலட்சுமி போட்ட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. ஆண் வாத்தியார் என்றால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். பெண் டீச்சர் வேண்டும். டீச்சராக வரக்கூடிய பெண் யார்? கல்யாணமானவளைப் புருஷன் வீடு விடாது, கல்யாணமாகாத வயது வந்த பெண் அந்த வீடுகளில் இருக்கவே மாட்டாள். மீதி இருப்பவள் விதவை. யாருக்கும் வேண்டாதவள் என்று மூலையில் வைத்தவளை எடுத்து, ஊருக்கெல்லாம் வேண்டிய ஆளாக ஆக்கினார். முகத்தில் விழிக்கக் கூடாது என்று விலக்கப்பட்ட அதே முகத்தை, நாற்பது குழந்தைகள் தினம் காலையில் முதலில் பார்த்து வணக்கம் சொன்னார்கள். 1922-ல் பக்கத்திலேயே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும் வந்தது. கவர்னர் மனைவி பெயரால் லேடி விலிங்டன்.

அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது. சமையல் கட்டு, மடி, ஆசாரம் எதையும் சுப்புலட்சுமி ஒரேயடியாக உடைக்கவில்லை. உடைத்திருந்தால் ஒரு பெண்ணையும் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது உண்மை. குளக்கரை வீட்டுப் பெண்ணைப் போன்றவர்களுக்கென்று இருந்த இல்லம் அது, ஆனால் அவளை யாரும் எங்கும் கொண்டுபோய் விடவில்லை. என் ஆயாவுக்கு இடமே இருந்திருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சுமந்துகொண்டுதான் நான் அந்த நடைபாதையில் நடக்கிறேன். ஆனால் பயிற்சிக் கல்லூரியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தின் கதவு கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. அந்தப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் என் அம்மா. ஆயா பூக்கூடையோடு வாசலில் காத்திருந்து கூட்டிப்போகும். பூ விற்பவள் வாசலில் நிற்பதற்கு அம்மா கூச்சப்பட்டிருக்கிறாள். பின்னாளில் அதைச் சொல்லி அழுதும் இருக்கிறாள்.

அடுத்தது இவளுடைய இடம். ராணி மேரி கல்லூரி. வாசலில் ரோஸ் நிற முகப்போடு ஒரு பஸ் நிற்க, அதிலிருந்து கொட்டினாற்போல் பெண்கள் இறங்கினார்கள். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வியாசர்பாடியிலிருந்து தினமும் போகவரக் காசு கேட்க வேண்டியிருந்தால் அக்கா இவளை வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்காவது சேர்த்திருப்பாள். 1914-ல் இந்தக் கல்லூரி கடற்கரையோரம் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில் 37 மாணவிகளோடு தொடங்கியது. சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி. டாரதி டி லா ஹே முதல் பிரின்சிபல், 22 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். தாவரவியல் மேதை ஜானகி அம்மாள் இங்கே படித்தவர். அன்று மூடிய வண்டியில் திரை போட்டுக்கொண்டு வந்து இறங்கியவர்கள் உண்டு.

கேப்பர் ஹவுஸ் இப்போது இல்லை. 2003-ல் கல்லூரியையே இடித்துத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரவு பகலாகப் போராட்டம். திட்டம் கைவிடப்பட்டது. பெண்களைப் பாதுகாக்க எழுப்பிய சுவரை, எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்துப் பெண்கள் பாதுகாத்தார்கள். அந்த ஏப்ரல் வெயிலில் நான் வெளியே கம்பி கேட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் பாட்டில்களோடு நின்றேன். நான் இங்கே படித்தவள் இல்லை. நின்றேன்.

இவளுக்கு அந்தக் கதை தெரியாது. அப்போது பிறக்கவே இல்லை. “இடிச்சிருந்தா?” என்று கேட்டுவிட்டு, தினம் நுழைகிற கேட்டைப் புதிதாகப் பார்த்தாள்.

பசித்தது. கலங்கரை விளக்கம் தாண்டி லூப் ரோடு, நொச்சிக்குப்பம். 2024-ல் திறந்த நவீன மீன் அங்காடிக்குள்ளும் அதன் ஓரங்களிலும் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி. தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸ். கப்பலேறி வந்த அமெரிக்க ஐஸை இந்தக் குப்பத்தில் யாரும் தொட்டிருக்க முடியாது. ஐஸ் ஹவுஸிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்று ஐஸ் இல்லாத ஆள் இல்லை. க்யூஆர் அட்டையை மீன் செதில் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டியிருந்தார்கள். காசு வந்தால் போன் உரக்கச் சொல்கிறது.

நாங்கள் நடந்த வழியில் ஆஸ்பத்திரிக்கு ராணி பெயர் இருந்தது, கல்லூரிகளுக்கு ராணி பெயரும் கவர்னர் மனைவி பெயரும் இன்றும் இருக்கின்றன. எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி பெயரைச் சாலைக்கு வைத்து எத்தனையோ காலமாகிறது. உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை போனவர், மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். ஆனாலும் ஊர் மார்ஷல்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறது. மீன்காரம்மாவுக்குப் பலகையும் இல்லை, சாலையும் இல்லை. ஆனால் கோஷாவுக்கு முன்னாலும் இவர்கள் இங்கே இருந்தார்கள், பின்னாலும் இருக்கிறார்கள். இவர்கள் இடத்தைத்தான் அடிக்கடி யாராவது அளந்து பார்க்க வருகிறார்கள்.

ஒரு கூறு சங்கரா வாங்கினோம். அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. மீதி மீனை அலுமினிய அன்னக்கூடையில் அள்ளி, மேலே ஐஸைத் தூவி, ஈரச் சாக்கால் மூடினார். மயிலாப்பூர்ப் பக்கம் பழைய வாடிக்கை வீடுகள் நாலைந்து இருக்கிறதாம். நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வருவாராம்.

“ஆட்டோல போலாமே ஆயா?” என்றாள் இவள்.

“அந்தக் காசை மீன் மேல வெச்சா யாரு வாங்குவா?”

பழைய புடவைத் துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டார். குனிந்து கூடையின் ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

“சித்த ஒரு கை பிடிம்மா.”

இவள் போனை என்னிடம் கொடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மீன் தண்ணீர் கையில் வழிய, மறு விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். கூடை தலையில் உட்கார்ந்தது. அந்த அம்மா ஒரு கணம் ஆடி, கழுத்தை நிமிர்த்தி, மயிலாப்பூர் பக்கம் நடக்கத் தொடங்கினார். என் கையில் இவள் போன் அடித்தது. அக்கா.